பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பறைச் சத்தம்

2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, 5.25க்கு வெறும் தேநீர். 5.40க்கு முற்றம் கூட்டினேன். கச்சான் காற்று இரவு முழுக்கக் கொண்டுவந்து கொட்டிய சருகும் மணலும் ஒன்றரை வாளி. மனைவி வெள்ளிக்கிழமையே வாகரைக்குப் போயிருந்தாள். கால் முறிந்து படுத்திருக்கும் தங்கைக்குத் துணை. ஆகவே காலை உணவு பாணும் முதல் நாள் பருப்பும். 7.05க்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். 7.40க்கு அலுவலகம். நில அளவைப் படம் வரையும் பிரிவில் என் மேசை சன்னலோரம். பகல் முழுவதும் வெல்லாவெளிப் பக்கத்து வயற்காணி ஒன்றின் எல்லைக் கோட்டைத் திருத்தினேன். 4.15க்குக் கையொப்பமிட்டு வெளியேறி, 4.50க்கு வீடு.

இதுவரைக்கும் அது என் டயரியில் உள்ள எந்த நாளோடும் மாற்றி வைக்கக்கூடிய நாள். இருபத்தெட்டு வருடமாக எழுதுகிறேன். மாற்றி வைத்தால் எனக்கே தெரியாது. டயரி சொல்லாத ஒன்று உண்டு. மேலே சொன்ன எல்லாவற்றையும் காதில் இரண்டு இயர்போன்களோடுதான் செய்தேன். அதற்கு வேறு கொப்பி இருந்தது.

அந்தக் கொப்பி மே மாதத்தில் தொடங்கியது. பகலெல்லாம் கணினித் திரையில் கோடு பார்க்கிறவர் மாலையிலும் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்தால் கண் வறண்டு போகும் என்றார் கண் டொக்டர். சொட்டு மருந்து எழுதினார். ஆறு மாதத்துக்கு மாலை வாசிப்பு வேண்டாம் என்றார். புத்தகம் இல்லாமல் ஒருவன் மாலையில் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மனுசரோட கதையுங்க" என்றார்.

வைத்திய ஆலோசனையில் எதைக் கேட்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டேன்.

வழி காட்டியவர் அடுத்த மேசைக்காரி. காத்தான்குடியிலிருந்து தினமும் வருகிறவர். "சேர், வாசிக்க ஏலாட்டி கேக்கலாமே. பொட்காஸ்ட் இரிக்கி, ஒலிநூல் இரிக்கி, எல்லாம் சும்மாதான். நான் மீன் வெட்டக்குள்ள, உடுப்பு மடிக்கக்குள்ள எல்லாம் கேக்கிற" என்றார். என் போனை வாங்கி மூன்று நிமிடத்தில் இரண்டு செயலிகளை இறக்கித் தந்தார். இலவசம் என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மரியாதை உண்டு.

அன்று மாலையே எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி நிரல் கீறினேன்: திகதி, தலைப்பு, நீளம், பேசுபவர், விடயம், சத்தக் குறைபாடு, பத்துக்குப் புள்ளி. உலகத்தில் இத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதைக் கணக்கெடுக்க ஒருவர் வேண்டாமா.

முதலில் கேட்டது சென்னையில் இரண்டு நண்பர்கள் நடத்தும் நிகழ்ச்சி. வாழ்க்கையை மாற்றும் உரையாடல் என்று போட்டிருந்தது. நீளம் 52 நிமிடம். முதல் பதினொரு நிமிடம் ஒருவர் சாப்பிட்டாரா என்று மற்றவர் விசாரித்தார். சாப்பிட்டிருந்தார். பிறகு எங்கே சாப்பிட்டார், அந்தக் கடை முன்பு எங்கே இருந்தது, அப்போது ருசி எப்படி இருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் வாழ்க்கை வந்தது. நேரம் போதாததால் அதை அடுத்த பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு புள்ளி, அதுவும் சாப்பாட்டுக்காக.

அடுத்தவர் வெற்றி நிபுணர். வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழுகிறார்களாம். நான் இருபத்தெட்டு வருடமாக 5.10க்கு எழுகிறேன். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் கை நழுவியிருக்கிறது.

ஆங்கிலத்தில் கொலைக் கதை சொல்லும் ஒரு பெண் இருந்தார். கலியாண வீட்டில் சிற்றுண்டித் தட்டு நீட்டுகிறவரின் குரல். கழுத்து நெரிபடும் இடம் வந்ததும் நிறுத்தி, ஒரு மெத்தையின் சிறப்பை விளக்கினார். கனடாவில் இருந்து ஒருவர் எங்கள் ஊர் மீன்குழம்பை ஊர் மணம் மாறாமல் வைப்பது எப்படி என்று பெட்டியில் உறைந்த மீனை வைத்துக்கொண்டு கற்பித்தார். வாவியில் அன்று காலை பிடித்த மீனைக் கழுவிக்கொண்டே அதைக் கேட்டேன். எட்டு மணித்தியாலம் மழை மட்டும் பெய்யும் நிகழ்ச்சி ஒன்று நித்திரைக்கு நல்லது என்றார்கள். எங்கே பெய்த மழை என்ற விபரம் இல்லை. எங்கள் கிணற்றில் அடிக்கல் தெரிந்த வாரம் அது. மனைவி ஒரு பக்க இயர்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "இதக் கிணத்துக்குள்ள விட ஏலாதா?" என்றாள்.

நியாயமாகச் சொல்வதென்றால், வௌவால்களைப் பற்றிப் பதினாறு பகுதிகள் பேசிய ஒரு பெண்ணுக்கு ஒன்பது புள்ளி கொடுத்தேன். பதினாறையும் கேட்டேன். அவர் ஒருதடவைகூட நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

பிறகு ஒலிநூல்களுக்கு வந்தேன். பதிப்புரிமை தீர்ந்த பழைய நாவல்களைத் தொண்டர்கள் தங்கள் வீடுகளில் இருந்து வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். இலவச சேவை, ஆகவே குறை சொல்லக் கூடாது. நான் குறை சொல்லவில்லை, நிரலில் எழுதினேன். ஒரு நாவலில் ஆறாம் அத்தியாயம் வரை இளம் பெண்ணாக இருந்த கதாநாயகிக்கு ஏழாம் அத்தியாயத்தில் வாசிப்பவர் மாறியதால் மார்கழித் தடிமன் பிடித்த ஆணின் குரல் வந்தது; அந்தக் குரலில்தான் அவள் காதலைச் சொன்னாள். இன்னொன்றில் குடும்பத் தலைவர் இறக்கும் தறுவாயில் பிரஷர் குக்கர் விசிலடித்தது. இரண்டாவது விசில் வரை வாசிப்பவர் தாக்குப் பிடித்தார். மூன்றாவதில் புத்தகத்தை வைத்துவிட்டு ஓடினார். காலடிச் சத்தம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. காகம், மின்விசிறி, பள்ளிக்கூட மணி, "அம்மா, தபால்" என்று ஒரு குரல். கதையை விட இந்தச் சத்தங்களை நான் கவனமாகக் கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் நிமிடக் கணக்கோடு குறித்தேன். ஜூலை முடிவில் பட்டியலில் அறுபத்தொரு தலைப்புகள்.

இயர்போனுக்கு இன்னொரு பயனும் இருந்தது. என் மாலை நடை வாவிக்கரை வீதியில். அதில் ஒரு மதகு. 5.30க்கு அந்த மதகில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் இருப்பது அவர் வீடு. ஓய்வு பெற்ற பஸ் கொண்டக்டர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊரே மதகடி அண்ணன் என்று கூப்பிடும். யார் வந்தாலும் மறிப்பார். மறித்தால் கதை. வாழைச்சேனைக்கு ஓடிய பஸ்ஸில் நண்டுச் சாக்கு அவிழ்ந்த கதையை மட்டும் நான் நான்கு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நண்டு கூடும். மே மாதத்துக்குப் பிறகு நான் காதைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம்.

"என்ன தம்பி, காதுக்குள்ள மருந்தா?" என்றார் முதல் நாள்.

"இல்ல அண்ண, கதை கேக்கன்."

"கதையா? அப்ப இஞ்ச இரி, நான் சொல்றன்."

பிறகு ஒரு நாள், "ரேடியோதானே? அதப் பெரிசா வை மனே, நானும் கேக்கன்" என்றார். நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினேன். எனக்கு அப்போது சென்னை நண்பர்களின் இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வாழ்க்கை வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் எனக்கு வெறும் மதகடி மனிதர் அல்ல என்பதையும் எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் என் அப்பா இறந்தபோது விடிவதற்கு முன்னே படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றவர் அவர். யாரும் கூப்பிடவில்லை. சவக்காலை வரை வெள்ளைக் கொடி கட்டினார், பந்தலுக்கு ஓலை வெட்டினார், தாமதமாக வந்த பறைமேளக்காரரை ஏசினார், பிறகு அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நொண்டும் முழங்காலோடு பாடையின் முன் இடப்பக்கத்தைத் தூக்கினார். நான் என்ன செய்தேன்? எழுதினேன். அன்றைய குறிப்பில் வந்தவர்கள் பட்டியல் நான்கு பக்கம். வராதவர்கள் ஒன்பது பேர், சிவப்பு மையில் அடிக்கோடு. அதில் இரண்டு பேரோடு நான் இன்றுவரை கதைப்பதில்லை. எங்கள் ஊரில் கலியாணத்துக்கு வராதவனை மறப்பார்கள். செத்தவீட்டுக்கு வராதவனை, அவன் வீட்டில் ஒன்று நடக்கும் நாள்வரை ஞாபகம் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அவன் வீட்டுப் படலை திறக்காது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை 4.50. படலையைத் திறந்தேன். மனைவி பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூட உள்ளே வைக்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தின மணிக்கு எடுத்தவங்க?" என்று கேட்டாள்.

இடது இயர்போனைக் கழற்றினேன். "என்னத்த?"

"என்னத்தயா? மதகடி அண்ணன்ட பிரேதத்த."

வலது இயர்போனையும் கழற்றினேன். "ஆரு செத்த?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கடவுளே! நீங்க செத்தவீட்டுக்குப் போகல்லயா?"

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

"வாவியில நிக்கிற கொக்குக்கும் தெரியும், உங்களுக்குச் சொல்லல்லயா? சனிக்கிழமை இரவு ஆசுபத்திரியில செத்து, ஞாயிறு பின்னேரம் அடக்கம். எனக்கு வாகரைக்கே செய்தி வந்திட்டு. ஞாயிறு நாலு தரம் உங்களுக்கு அடிச்ச நான். எடுக்கல்ல. சரி, செத்தவீட்டுல நிக்கிறார் எண்டு நினைச்சிக்கு இருந்திட்டன்."

திங்கட்கிழமை எடுத்த அழைப்பில் நாங்கள் கிணற்று மோட்டாரைப் பற்றியும் பூனையைப் பற்றியும் மட்டும் பேசினோம். மற்றது தெரிந்த விடயம் என்று அவள் நினைத்திருக்கிறாள். ஞாயிறு போன் ஏன் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அழைப்புகள் வந்து அத்தியாயத்தை முறிப்பதால் போனைத் தொந்தரவு செய்யாத நிலையில் வைத்திருந்தேன்.

ஞாயிறு அன்று என் திட்டம் 11 மணி 20 நிமிட நாவல் ஒன்றை ஒரே நாளில் முடிப்பது. 7.40க்கு முற்றம் கூட்டிக்கொண்டே தொடங்கினேன். 8.05க்குப் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மதகடி அண்ணனின் மருமகன். இறங்கவில்லை, படலைக்கு வெளியே நின்றபடியே ஏதோ சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாக வருகிறவர்கள் ஊர் கூடி வீதி துப்புரவாக்கும் சிரமதானத்துக்குக் கூப்பிடுகிறவர்கள். அதற்கு நான் எப்போதும் ஓம் என்பேன், எப்போதும் போகமாட்டேன். அன்றும், "ஓம், ஓம், வாறன்" என்றேன். தலையையும் ஆட்டினேன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சருகைக் கூட்டினேன். அவன் போனான்.

செத்தவீடு சொல்ல வருகிறவன் உள்ளே வரமாட்டான், தண்ணீர் குடிக்கமாட்டான், படலையில் நின்று சொல்லிவிட்டுப் போவான். இது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கும் தெரியும். கதாநாயகன் ரயிலைத் தவற விடுவதா இல்லையா என்ற கட்டத்தில் இருந்தபடியால் ஞாபகம் வரவில்லை.

10.15க்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று போனது. மரண அறிவித்தல் என்று இப்போது விளங்குகிறது. அப்போது சத்தத்தை இரண்டு படி கூட்டினேன். மூன்று மணிக்குப் பிறகு அடுத்த வீட்டுக்காரர் வெள்ளைச் சாரத்தோடு கடந்து போனார், என்னைப் பார்த்துக் கையால் 'வா' என்றார். கோயில் கூட்டம் என்று முடிவு செய்தேன், அதற்கும் தலையாட்டினேன். பிரேதத்தை வாவிக்கரை வழியாகக் கொண்டுபோனதால் என் வீட்டு வாசலால் எதுவும் போகவில்லை. மனைவி இல்லாத அந்த நாட்களில் சமையல் என் தலையில் என்பதால் ஞாயிறும் திங்களும் மாலை நடைக்கும் நான் போகவில்லை.

இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தபடி கேட்டாள். "அப்ப, சொல்லாமல் விட்டாலும் பரவாயில்ல. சொல்லி, ஓம் வாறன் எண்டு போட்டு, மறுகா முத்தம் கூட்டியிருக்கிறீங்க."

"இப்பவே போறன்" என்று சட்டையைத் தேடினேன்.

"எங்க போற? இண்டைக்குச் செவ்வாய். செவ்வாயும் வெள்ளியும் துக்கம் கேக்கப் போறல்ல. அதையும் உங்கட காதுக்குள்ள இருக்கிற ஆக்கள் சொல்லல்லயா?"

ஆகவே விடியும்வரை நேரம் இருந்தது. என்ன காரணம் சொல்வது என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். ஒன்று, காய்ச்சல். முற்றம் கூட்டியதை மருமகனே கண்டான். இரண்டு, அலுவலக அவசரம். ஞாயிற்றுக்கிழமை. மூன்று, மனைவியைப் பார்க்க வாகரைக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் நாள் முழுக்க முற்றத்தில் நின்றது. அடுத்த வீட்டுக்காரர் சாட்சி.

"உண்மையச் சொல்லுங்க" என்றாள் மனைவி, பையிலிருந்து கருவாட்டை எடுத்தபடி.

"உண்மை இந்த மூண்டையும் விட மோசம்."

"அதுதான் சொல்றன். அத நம்புவாங்க."

மாலை ஆறரைக்குக் கொப்பியை எடுத்தேன், ஞாயிறு எத்தனை மணிக்கு என்ன கேட்டேன் என்று சரிபார்க்க. என் கையெழுத்து தெளிவானது. அத்தியாயம் 19, சத்தக் குறைபாடு என்ற நிரலில் இப்படி இருந்தது: 'பின்னணியில் தொடர்ந்து பறைச் சத்தம், இடையில் வெடி. வாசிப்பவரின் வீட்டருகே செத்தவீடு போலும். பதிவை ஒத்திவைத்திருக்கலாம். இரண்டு புள்ளி குறைவு.'

நேரம் மாலை 4.10 என்று பக்கத்தில் போட்டிருந்தேன்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தை மறுபடி போட்டேன். இருபத்தாறு நிமிடம். வாசித்தவர் ஒரு பெண். மின்விசிறி சுற்றியது. ஒருதடவை இருமினார், மன்னிக்கவும் என்றார். பறை இல்லை, வெடி இல்லை. மூலைக்கு மூலை பொறுக்கிக் கேட்டேன், இல்லை. என் வாழ்நாளில் கேட்ட பதிவுகளில் அதுதான் மிகச் சுத்தமானது. நொண்டும் முழங்காலோடு என் அப்பாவைச் சுமந்த மனிதரை என் வீட்டுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குறையாக நான் அதைப் பதிந்து, புள்ளியும் வெட்டியிருக்கிறேன்.

இரண்டு புள்ளியையும் திருப்பிக் கொடுத்தேன். திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். அதற்கு மேல் அந்தக் கொப்பியில் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

புதன்கிழமை 5.10க்கு எழுந்தேன். தேநீர் இல்லை, முற்றம் கூட்டவில்லை. வெள்ளைச் சாரம் கட்டி, மனைவியோடு 5.35க்கு மதகடி வீட்டு வாசலில் நின்றேன்.

செத்தவீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. போகும்போது 'போயிட்டு வாறன்' என்று நாமும் சொல்வதில்லை. வேறு வீடென்றால் வரவேற்காமல் விட்டதும் கோபம் என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. மனைவி உள்ளே போய்ப் பெண்களோடு இருந்துவிட்டாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருமகன் நேராக என்னைப் பார்த்தான்.

"நான் வந்து சொன்ன நான். நீங்க ஓம் வாறன் எண்ட நீங்க" என்றான். பந்தலில் இருந்த நாலைந்து பேரும் திரும்பினார்கள்.

"எனக்கு விளங்கல்ல தம்பி. காதுக்குள்ள இயர்போன். நீங்க சிரமதானத்துக்குக் கூப்பிடுறீங்க எண்டு நினைச்ச."

பென்சிலால் எழுதிய மூன்று காரணங்களும் எவ்வளவு கண்ணியமானவை என்று அப்போது தோன்றியது.

கதவுக்கு உள்ளே பாயில் இருந்த அண்ணனின் மனைவி தலையை உயர்த்தினா. "என்னத்தத் தம்பி கேட்டுக்கு இருந்த?"

"கதை, அக்கா."

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு மணித்தியாலமும் இருபது நிமிசமும்."

"நல்ல கதையா?"

பொய் சொல்ல அது நேரமல்ல. "பரவாயில்ல, அக்கா" என்றேன்.

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்தினா. அழுகை அல்ல அது. அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. மருமகன் ஞாயிறு காலை பார்த்த அதே அளவு நேரம் இருக்கும்.

"அவர் இருந்தா உன்ன ஒரு மாசத்துக்கு மதகடியால போக விட்டிருக்கமாட்டார்" என்றா. பிறகு மருமகன் பக்கம் திரும்பினா. "சங்கத்துக் கதிரை ஏத்தோணும் எண்டு ஆள் தேடினாயே. இந்தா நிக்கிறார்."

அடுத்த ஊரில் இன்னொரு செத்தவீடு. மரணாதாரச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள் ஏழு மணிக்குள் அங்கே போக வேண்டும். எட்டாம் நாள் சடங்குக்கு வேண்டியதை மட்டும் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஏற்றப் பெட்டி பூட்டிய லான்மாஸ்டர் உழவு இயந்திரம் வாசலில் நின்றது. மருமகன் முதல் அடுக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். நான் சாரத்தை மடித்துக் கட்டி மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"பத்துப் பத்தா அடுக்குவம்" என்றேன். "எண்ண லேசு."

"நீங்க எண்ணுங்க அண்ண" என்றான். "நான் சொல்றது கேக்குதா?"

"கேக்குது."

5.50க்கு முதல் பத்தை ஏற்றினோம்.